ஏர் டிரையர் பொருத்துவதும் வயரிங் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர் பக்கத்துப் பட்டறைகளிலும் மில்களிலும் அதிகம் ஓடுவது 25 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர். ஏறத்தாழ 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 100 கன அடி) காற்று, 7 பார் அழுத்தம். அதற்குத் துணையாக வைக்கும், அழுத்தக் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும் ரெஃப்ரிஜிரேட்டட் டிரையரை மனதில் வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் மெஷின் இதைவிடப் பெரியதாகவோ சிறியதாகவோ இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

கம்ப்ரசரிலேயே செபரேட்டர் இருக்கிறது, டேங்கிலும் டிரெயின் வால்வ் இருக்கிறது. தனியாக டிரையர் எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். வெளியே 32 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 100 சிஎஃப்எம் என்பது மணிக்கு 170 கன மீட்டர். அப்படியானால் கம்ப்ரசர் ஒவ்வொரு மணி நேரமும் 4 லிட்டர் தண்ணீரை ஆவியாக உள்ளே இழுக்கிறது.

காற்றை 7 பாருக்கு அழுத்தி, ஆஃப்டர் கூலரில் 42 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதில் 2.8 லிட்டர் போலத் தண்ணீராகப் பிரிந்துவிடும். செபரேட்டரும் டேங்க் டிரெயினும் பிடிப்பது அதைத்தான். மீதி 1.2 லிட்டர் ஆவியாகவே லைனுக்குள் போகிறது. பைப்பில் போகப்போக ஆறும், ஆறினால் தண்ணீராகும், கடைசியில் சிலிண்டரிலோ சோலினாய்டு வால்விலோ வந்து நிற்கும். செபரேட்டரால் ஆவியைப் பிடிக்க முடியாது. எவ்வளவு நல்ல செபரேட்டர் வாங்கினாலும் இதுதான் நிலை.

டிரையர் அதே காற்றை 3 டிகிரி வரை குளிர்விக்கிறது. அப்போது மிஞ்சுவது மணிக்கு 0.1 லிட்டர் சொச்சம்தான். எட்டு மணி ஷிஃப்ட் ஒன்றுக்கு 9 லிட்டர் தண்ணீர் உங்கள் லைனுக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது.

3 டிகிரி போதுமா? மைனஸ் 40 டிரையர் வாங்கச் சொல்கிறார்களே?

சிஎன்சி மெஷின், ஏர்ஜெட் தறி, நியூமேடிக் சிலிண்டர், சாதாரண பெயின்டிங் ஆகியவற்றுக்கு 3 டிகிரி போதும். ஐஎஸ்ஓ 8573-1 தரத்தில் இது ஈரப்பதத்துக்கு நான்காம் வகுப்பு. நம் ஊரில் பைப் 3 டிகிரிக்குக் கீழே குளிர வாய்ப்பே இல்லை. அதனால் லைனுக்குள் தண்ணீர் பிரியாது.

மைனஸ் 40 என்பது, அதாவது மைனஸ் 40 டிகிரி வரை ஆறினாலும் காற்றிலிருந்து தண்ணீர் பிரியாத நிலை, இரண்டாம் வகுப்பு. மருந்துத் தொழிற்சாலை, எலெக்ட்ரானிக்ஸ், ஈரத்தை இழுக்கும் பவுடரைக் காற்றால் தள்ளும் லைன் போன்ற இடங்களுக்கு அது வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய இரட்டை டவர் டிரையர் அந்த வேலையைச் செய்யும். ஹீட்டர் இல்லாத ஹீட்லெஸ் வகையில் ஒரு டவரை உலர்த்தவே டிரையர் கொள்ளளவில் சுமார் 15 சதவீதக் காற்று வெளியே போய்விடும். உருவாக்கிய காற்றில் ஏழில் ஒரு பங்கை வானத்துக்கு ஊதுவது என்றால் தேவை உண்மையாக இருக்க வேண்டும். விற்பவர் சொன்னார் என்பதற்காக வாங்க வேண்டாம்.

100 சிஎஃப்எம் கம்ப்ரசருக்கு 100 சிஎஃப்எம் டிரையர் சரிதானே?

பெரும்பாலும் சரியில்லை. தண்ணீர் வருகிறது என்று வரும் புகார்களில் பாதி இங்கேயே தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

பல கேட்டலாக்களில் 100 சிஎஃப்எம் என்று போட்டிருப்பது உள்ளே வரும் காற்று 35 டிகிரி, அறை 25 டிகிரி, அழுத்தம் 7 பார் என்ற நிலைக்கு. ஏப்ரல் மாதத்தில், தகரக் கூரை போட்ட கம்ப்ரசர் ரூமில் இந்த எண்களை எங்கே போய்த் தேடுவது? ஸ்க்ரூ கம்ப்ரசரின் ஆஃப்டர் கூலர் அறை வெப்பத்தைவிட 8 முதல் 10 டிகிரி அதிகமாகத்தான் காற்றை வெளியே விடும். அறை 38 என்றால் டிரையருக்கு வரும் காற்று 46, 48.

உள்ளே வரும் காற்று 45 டிகிரி ஆனால், 35 டிகிரிக்குக் கணக்கிட்ட டிரையரின் கொள்ளளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். அறை வெப்பத்துக்கு இன்னொரு கழிவு உண்டு. இரண்டையும் பெருக்கினால் 100 சிஎஃப்எம் டிரையர் 55, 60 சிஎஃப்எம்முக்குத்தான் தாங்கும். கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் திருத்தக் காரணி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். சில கம்பெனிகள் 45 டிகிரிக்கே கணக்கிட்டுத் தருகின்றன. விலையை ஒப்பிடும்போது அதையும் பாருங்கள். 35 டிகிரி கணக்கில் மலிவாகத் தெரியும் டிரையரும் 45 டிகிரி கணக்கில் விலை கூடிய டிரையரும் உள்ளே ஒரே அளவாக இருக்கலாம்.

பிஸ்டன் கம்ப்ரசர் என்றால் இன்னும் கவனம். ஹெட்டிலிருந்து வரும் காற்று 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஆஃப்டர் கூலர் இல்லாமல் அதை நேராக டிரையருக்குள் விடக்கூடாது.

டிரையரை டேங்குக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

ஒரே ஒரு டேங்க்தான் இருக்கிறது என்றால் டேங்குக்குப் பின்னால் வையுங்கள். காற்று டேங்கில் கொஞ்சம் ஆறும், தண்ணீரில் ஒரு பகுதி அங்கேயே விழும், கம்ப்ரசரின் துடிப்பும் டிரையருக்குப் போகாது. டிரையருக்கு வேலை குறைகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டறையில் திடீரென்று ஒரு பெரிய மெஷின் காற்றை இழுத்தால், கம்ப்ரசர் தருவதைவிட அதிகக் காற்று டேங்கிலிருந்து டிரையர் வழியாகப் பாயும். அந்த சில நொடிகளுக்கு டிரையரால் ஈடுகொடுக்க முடியாது. ஊதித் துடைக்கும் கன், பேக் ஃபில்டர் பல்ஸ் போன்றவை இருந்தால் இரண்டு டேங்க் வைப்பதுதான் சரி: ஈர டேங்க், ப்ரீ ஃபில்டர், டிரையர், நுண் ஃபில்டர், உலர்ந்த டேங்க் என்ற வரிசையில்.

ப்ரீ ஃபில்டரைக் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். பழைய டேங்கின் துருவும் கம்ப்ரசர் ஆயிலும் டிரையரின் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போய்ப் படிந்தால் பிறகு எடுப்பது பெரும் பாடு. 0.01 மைக்ரான் ஃபில்டரை டிரையருக்குப் பின்னால்தான் போட வேண்டும். முன்னால் போட்டால் ஈரத்திலும் ஆயிலிலும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

டிரையரை எந்த இடத்தில் நிறுத்துவது?

கம்ப்ரசரின் சூடான காற்று வெளியே வரும் பக்கம் மட்டும் வேண்டாம். இடம் இல்லை என்று அங்கேதான் பல பேர் வைக்கிறார்கள். டிரையரின் பின்னால் உள்ள கண்டென்சர், வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் மாதிரி, உள்ளிருந்து எடுத்த சூட்டை அறைக்குள் தள்ள வேண்டும். அறையே கொதித்தால் எங்கே தள்ளும்? கண்டென்சர் பக்கமும் ஃபேன் பக்கமும் குறைந்தது 2 அடி விடுங்கள், 3 அடி கிடைத்தால் நல்லது. அந்த இடைவெளி ஆள் நின்று சுத்தம் செய்யவும் வேண்டும்.

தரை சமமாக இருக்கட்டும். கம்ப்ரசர் அதிரும் அதே பேஸ் பிளேட்டில் டிரையரை ஏற்றாதீர்கள். செம்புக் குழாய்கள் வெட்டுப்பட்டு, உள்ளே உள்ள குளிரூட்டும் கேஸ் கசியும். லாரியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். உள்ளே உள்ள சின்ன கம்ப்ரசரின் ஆயில் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும்.

மில் என்றால் பஞ்சு. கண்டென்சர் ஃபின்னில் பஞ்சு ஒட்டி ஒரு போர்வையே ஆகிவிடும். டிரையரை டிபார்ட்மென்டுக்குள் வைக்காமல் தனி ரூமில் வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

பைப் எது போடலாம்? பிவிசி மலிவாக இருக்கிறதே?

பிவிசி கூடவே கூடாது. அழுத்தக் காற்று நிரம்பிய பிவிசி உடைந்தால் சில்லுகளாகச் சிதறும், ஆள் காயப்படும். ஜிஐ, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவற்றில் ஒன்றைப் போடுங்கள். டிரையருக்குப் பின்னால் ஜிஐ போட்டால் உள்ளே துரு வரும் வேகம் குறையும், ஆனால் பழைய துரு அப்படியே இருக்கும்.

டிரையரின் இன்லெட், அவுட்லெட் இரண்டிலும் யூனியனோ ஃபிளேஞ்சோ வையுங்கள். பைப்பின் எடையை டிரையர் முனை தாங்கக்கூடாது, தனி சப்போர்ட் கொடுங்கள். முறுக்கும்போது டிரையர் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பிரேசிங் விட்டுப்போகும். அம்பு காட்டும் திசையைப் பாருங்கள். இன்லெட்டையும் அவுட்லெட்டையும் மாற்றிப் போட்டுவிட்டு டிரையர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவது நடக்கத்தான் செய்கிறது.

மெயின் லைன் 100 அடிக்கு 1 அடி சரிவாக, காற்று போகும் திசையிலேயே இறங்கட்டும். மெஷினுக்கு இறங்கும் ஒவ்வொரு கிளைப் பைப்பையும் மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து வளைத்து எடுங்கள்.

பைபாஸ் தேவையா?

பைபாஸ் என்பது டிரையருக்குள் போகாமல் காற்று சுற்றிப் போகும் வழி. காற்று நின்றால் வேலை நின்றுவிடும் என்றால் தேவை. மூன்று பால் வால்வ்: இன்லெட்டில் ஒன்று, அவுட்லெட்டில் ஒன்று, குறுக்கே ஒன்று. சர்வீஸின்போது மட்டும் குறுக்கு வால்வ் திறந்திருக்கும். அது லேசாகக் கசிந்தால்கூட ஈரக் காற்று பின்னால் போய்க் கலந்துவிடும், டிரையர் மேல் பழி விழும். மலிவான வால்வ் போட வேண்டிய இடம் இதுவல்ல.

எந்த யூனியனையும் கழற்றும் முன் இரண்டு பக்கமும் மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, கேஜ் பூஜ்யத்தில் நிற்பதைப் பாருங்கள். டேங்குக்கும் அதன் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் எந்த வால்வும் போடக்கூடாது.

சிங்கிள் பேஸ் டிரையருக்கு எந்த ஒயர், எந்த எம்சிபி?

முதலில் நேம் பிளேட்டைப் படியுங்கள். 100 சிஎஃப்எம் அளவில் ஓடும் கரன்ட் பெரும்பாலும் 4, 5 ஆம்பியர்தான். ஓடும் கரன்டைப் பார்த்து 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும் என்று நினைத்துவிடுவார்கள். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அது ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும்.

பேனலிலிருந்து டிரையர் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போய்வர 80 மீட்டர். 1.5 செம்பு ஒயரில் இதன் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 1 ஓம். 25 ஆம்பியர் இழுக்கும்போது 24 வோல்ட் அங்கேயே போய்விடும். மாலை நேரத்தில் லைனில் 200 வோல்ட்தான் இருக்கிறது என்றால் டிரையருக்குப் போவது 176. மோட்டார் திணறும், ஓவர்லோடு விழும், ஆறியதும் மறுபடி முயலும். இப்படியே சில வாரம் ஓடினால் வைண்டிங் போய்விடும். 2.5 போட்டால் இழப்பு 15 வோல்டுக்குள் நிற்கும். தூரம் இன்னும் அதிகமானால் 4 போடுங்கள்.

எம்சிபி சி வகை, 10 அல்லது 16 ஆம்பியர். நேம் பிளேட்டும் மேனுவலும் சொல்வதே கடைசி வார்த்தை. பி வகை போட்டால் ஸ்டார்ட்டிங்கில் சும்மா சும்மா விழும். டிரையருக்கென்று தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) வையுங்கள். மற்ற மெஷின்களோடு பகிர்ந்தால் எதனால் விழுந்தது என்று தேடியே நாள் போகும்.

கேபிளைக் கீழிருந்து கிளாண்ட் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள், மேலிருந்து கொண்டுவந்தால் குளிர்ந்த குழாயில் வேர்க்கும் நீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே டெர்மினலுக்கு இறங்கும். ஒயர் முனைக்கு லக் அடியுங்கள். வெறும் இழையை முறுக்கித் திருகினால் ஆறு மாதத்தில் சூடாகிக் கருகும்.

நியூட்ரலை கம்ப்ரசர் பேனலிலிருந்தே எடுக்கலாமா?

வேண்டாம். கம்ப்ரசர் பேனலில் நியூட்ரல் இல்லாமலேயே இருக்கலாம். இருந்தாலும் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் வந்த மெல்லிய ஒயராக இருக்கலாம். எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்தும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், டிரையரின் உடம்பு முழுக்க ஷாக் அடிக்கும்.

த்ரீ பேஸ் சப்ளையில் நியூட்ரல் எங்கேயாவது லூஸ் ஆனால், சிங்கிள் பேஸ் மெஷினுக்கு 230க்குப் பதிலாக 350, 400 வோல்ட் வரை ஏறலாம். கன்ட்ரோலர் போர்டு, கெப்பாசிட்டர், ஃபேன் எல்லாம் ஒரே நாளில் போகும். டிபியிலிருந்து (சப்ளையைப் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூஷன் போர்டு) தனி பேஸ், தனி நியூட்ரல், தனி எர்த் இழுத்து, ஒரு ஓவர் வோல்டேஜ் ரிலேயும் போட்டால் நிம்மதி.

த்ரீ பேஸ் டிரையரில் பேஸ் மாறினால் என்ன ஆகும்?

உள்ளே ஸ்க்ரோல் கம்ப்ரசர் இருந்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் கரகரவென்று வரும், கேஸ் பம்ப் ஆகாது, குளிராது. கொஞ்ச நேரம் விட்டால் கம்ப்ரசரே கெட்டுவிடும். சாதாரண பிஸ்டன் வகை எந்தப் பக்கம் சுற்றினாலும் பம்ப் ஆகும், ஆனால் த்ரீ பேஸ் ஃபேன் தலைகீழாக ஓடி கண்டென்சரைக் குளிர்விக்காமல் விட்டுவிடும். இன்கமிங் டெர்மினலில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்; உள் வயரிங்கில் கை வைக்காதீர்கள். பேஸ் சீக்வென்ஸ் ரிலே இல்லாத டிரையர் என்றால் வெளியே ஒன்று போடுங்கள். ஒரு பேஸ் போனாலும் அது காப்பாற்றும்.

எர்த்திங்: 415 வோல்ட் மெஷின் என்றால் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு நம் நாட்டு மின் பாதுகாப்பு விதிப்படியே கட்டாயம்.

அடிக்கடி கரன்ட் போய்வருகிறது. ஸ்டெபிலைசர் வேண்டுமா?

ஸ்டெபிலைசரைவிட முதலில் வேண்டியது டைம் டிலே. கரன்ட் போய் அரை நிமிடத்தில் திரும்பினால் கேஸ் அழுத்தம் இன்னும் சமமாகியிருக்காது. அந்தச் சுமையை எதிர்த்து மோட்டாரால் புறப்பட முடியாது. 3 நிமிட தாமதம் கொடுத்தால் போதும். பல டிரையர்களின் கன்ட்ரோலரிலேயே இது இருக்கும், இல்லாவிட்டால் ஒரு ஆன்-டிலே டைமரும் கான்டாக்டரும் போதும். நாள் முழுக்க வோல்டேஜ் 200க்குக் கீழே கிடக்கிறது என்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள், ஸ்டார்ட்டிங் கரன்டைத் தாங்கும் அளவில்.

கம்ப்ரசரோடு சேர்த்து ஆன் ஆகும்படி வயர் செய்யலாமா?

கம்ப்ரசர் மோட்டாரின் கான்டாக்டருக்குக் கீழிருந்து டிரையருக்கு சப்ளை எடுப்பது நல்ல வழியல்ல. கம்ப்ரசர் அழுத்தம் நிரம்பி நிற்கும்போதெல்லாம் டிரையரும் நிற்கும், ஓடும்போது இரண்டும் ஒன்றாகப் புறப்படும். டிரையர் 3 டிகிரிக்கு வர 10, 15 நிமிடம் வேண்டும். அதற்குள் ஈரக் காற்று கடந்து போயிருக்கும்.

டிரையருக்குத் தனி சப்ளை. காலையில் டிரையரை முதலில் போட்டு, அது தயாரானதும் கம்ப்ரசர். இதைத் தானாக நடத்த டிரையரின் ரன் சிக்னலை, வோல்டேஜ் இல்லாத ரிலே கான்டாக்டாக எடுத்து, 10 நிமிட டைமர் வழியாக கம்ப்ரசரின் ரிமோட் ஸ்டார்ட் டெர்மினலுக்குக் கொடுக்கலாம். அலாரம் கான்டாக்டைக் கொண்டு கம்ப்ரசரை நிறுத்துவதா, ஹூட்டர் மட்டும் அடிப்பதா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. பெயின்ட் பூத் என்றால் நிறுத்திவிடுங்கள். தறி என்றால் ஹூட்டர் போதும். ஷிஃப்ட் முடிந்தால் கம்ப்ரசர் முதலில் நிற்கட்டும், டிரையர் பிறகு.

முதல் தடவை ஓட்டுவது எப்படி?

இன்லெட், அவுட்லெட் இரண்டும் மூடியிருக்க, பைபாஸ் திறந்திருக்க, டிரையரைப் போடுங்கள். ஃபேன் திசையைப் பாருங்கள், ஓடும் கரன்டைக் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள்; பின்னாளில் ஒப்பிட உதவும். 15 நிமிடம் கழித்து இன்லெட்டை மெதுவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் ஃபில்டர் எலிமென்ட் கிழியும். கசிவு இல்லை என்று சோப்பு நீர் வைத்துப் பார்த்து, அவுட்லெட்டையும் மெதுவாகத் திறந்து, கடைசியில் பைபாஸை மூடுங்கள். டிரெயினில் தண்ணீர் விழுகிறதா என்று நின்று பாருங்கள்.

டிரையரிலிருந்து வரும் காற்று குளிராகவே இல்லை. ஓடவில்லையோ?

ஓடுகிறது. உள்ளே 3 டிகிரிக்குக் குளிர்ந்த காற்று, வெளியே வரும் வழியில் உள்ளே வரும் சூடான காற்றோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டு மறுபடி சூடாகித்தான் வரும். அவுட்லெட் பைப் குளிர்ந்து வேர்த்தால்தான் கவலைப்பட வேண்டும்.

டிஸ்பிளேயில் 3 டிகிரி காட்டுகிறது, ஆனாலும் லைனில் தண்ணீர் வருகிறதே?

பெரும்பாலான டிரையர்களில் அந்த எண், காற்றைக் குளிர்விக்கும் பகுதியான எவாப்பரேட்டர் அருகே உள்ள சென்சார் சொல்வது. காற்றின் உண்மையான டியூ பாயின்டை, அதாவது அதிலிருந்து தண்ணீர் பிரியத் தொடங்கும் வெப்பநிலையை, அது அளக்கவில்லை. பிரிந்த தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே நின்றால் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும், டிஸ்பிளே அப்போதும் 3 என்றே காட்டும்.

ஆகவே முதலில் டிரெயின். டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். காற்று மட்டும் சீறினால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், அல்லது சோலினாய்டு காயில் போயிருக்கும். டைமர் டிரெயின் என்றால் மழைக்காலத்தில் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் பிரிகிற டிரையரில் 5 நிமிடத்துக்கு 90 மில்லி சேர்கிறது. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை 3 நொடி திறந்தால் ஓடிவிடும், 30 நிமிடம் என்று வைத்திருந்தால் நிரம்பி வழியும். தண்ணீர் சேர்ந்தால் மட்டும் திறக்கும் ஜீரோ லாஸ் டிரெயின் விலை கூடுதல்தான், ஆனால் வீணாகும் காற்றில் அந்தக் காசு திரும்பிவிடும்.

டிரெயின் நன்றாக இருந்தால் பைபாஸ் கசிவு. அதுவும் இல்லை என்றால் இன்லெட் பைப்பில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து வெப்பத்தைப் பாருங்கள். 50 தாண்டியிருந்தால் கம்ப்ரசரின் கூலரைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம். டிரையரைப் புதிதாகப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் பழைய பைப்பில் தேங்கியிருந்த தண்ணீர்தான் வருகிறது. எல்லாத் தாழ்வான முனைகளையும் திறந்து ஊதிவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

அழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, டிரையரை ஒரு மணி நேரம் நிறுத்தினால் சரியாகிறதா? உள்ளே ஐஸ் கட்டுகிறது. ஹாட் கேஸ் பைபாஸ் வால்வோ ஃபேன் பிரஷர் சுவிட்சோ சர்வீஸ் ஆள் பார்க்க வேண்டிய விஷயம்.

டிரெயின் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடலாமா?

ஆயில் போடும் கம்ப்ரசர் என்றால் விடக்கூடாது. பால் மாதிரி வெள்ளையாக வருவது ஆயில் கலந்த தண்ணீர். ஆயில்-வாட்டர் செபரேட்டர் வைத்துப் பிரித்து, ஆயிலைக் கழிவு ஆயிலோடு சேருங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒரு முறை என்ன பார்ப்பது?

டிரெயினைத் தினமும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கண்டென்சரை மில்லில் வாரம் ஒரு முறை, மற்ற இடங்களில் மாதம் ஒரு முறை உள்ளிருந்து வெளியே ஊதுங்கள், அழுத்தத்தைக் குறைத்து, ஃபின் மடங்காமல். டெர்மினல் திருகுகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சப்ளையை நிறுத்திவிட்டு இறுக்குங்கள். ஃபில்டர் எலிமென்டைக் கேஜ் சிவப்புக்குப் போகும் முன் மாற்றுங்கள். அடைத்த ஃபில்டரை ஈடுகட்ட அழுத்தம் 1 பார் கூடுதலாக உருவாக்க நேர்ந்தால் கம்ப்ரசர் 6, 7 சதவீதம் அதிக மின்சாரம் இழுக்கும், அந்த பில்லில் பல எலிமென்ட் வாங்கலாம்.

இதையெல்லாம் நாங்களே செய்துகொள்ளலாமா?

பைப் வேலையை நல்ல ஃபிட்டர் செய்வார். சப்ளை வயரிங்கை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். கேஸ் லைனை யாரும் தொட வேண்டாம், வாரண்டியும் போகும், கேஸும் போகும்.